டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

வடக்கிலும் கிழக்கிலும் எரிபொருளுக்காக வரிசையில் நிற்காத ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கடினம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் நின்றவர்களின் பிள்ளைகள் 2022 இன் நெருக்கடியில் கியூ.ஆர் குறியீட்டோடு நின்றார்கள். அந்த வரிசைகளில் திரும்பத் திரும்ப நாம் உச்சரித்த சொற்களில் ஒன்று டீசல். மண்ணெண்ணெய் என்றால் மண்ணிலிருந்து வரும் எண்ணெய் என்று சொல்லே விளங்கப்படுத்திவிடும். டீசல் அப்படிப் பிறந்த சொல் அல்ல. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

ருடோல்ஃப் டீசல் பன்னிரண்டு வயதில் போர் காரணமாகத் தான் பிறந்த நகரத்தை விட்டு வெளியேறியவர். ஐம்பத்தைந்தாவது வயதில் ஓடிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றிலிருந்து காணாமற்போனவர். அவரது உடல் குடும்பத்தின் கைக்கு வந்து சேரவில்லை. உடுப்புப் பையில் இருந்த சில பொருட்கள் மட்டுமே வந்தன. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையில்தான், உலகத்தின் லொறிகளையும் கப்பல்களையும் உழவு இயந்திரங்களையும் ஓட்டும் எஞ்சினை அவர் உருவாக்கினார்.

நான் ஊடகக் கற்கைகள் படித்து, சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்பவர்களில் ஒருவர். எஞ்சின் என் துறை அல்ல. வாகனம் திருத்துவோர் பற்றிய செய்திகளுக்காக வன்னியில் சில கராஜ்களுக்குப் போய்வந்தபோது, அங்கே ஸ்பனருக்குப் பக்கத்தில் மடிகணினியும் இருப்பதைக் கண்டேன். லொறியின் கணினியோடு அதைத் தொடுத்ததும் திரையில் வரிசையாக இலக்கங்கள் ஓடும். அவற்றில் ஒன்று காற்றமுக்கம். கார்த்திகை மாதத்தில் வானொலியில் தாழமுக்கம் என்று கேட்கிறோமே, அதே அமுக்கம்தான். அதை ஒரு லொறி ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்விதான் என்னை டீசலின் வாழ்க்கைக்குள் கொண்டுபோய்விட்டது.

வெளியேற்றப்பட்ட சிறுவன்

டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியோடோர், ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் உள்ள ஔக்ஸ்பேர்க் நகரத்தவர். புத்தகம் கட்டுவதும் தோற்பொருட்கள் செய்வதும் அவரது தொழில். தாயும் ஜேர்மன்காரி. தந்தை செய்த பொருட்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளை ருடோல்ஃபின் வேலை. பிரெஞ்சு மொழியில் படித்தான். படிப்பில் கெட்டிக்காரன். பன்னிரண்டு வயதில் பதக்கம் ஒன்றும் வாங்கி, அடுத்த நிலைப் பள்ளிக்குப் போகத் தயாராக இருந்தான்.

அந்த வருடம் 1870. யூலையில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜேர்மன்காரர்கள் ஒரே நாளில் எதிரிகளாகிப் போனார்கள். டீசல் குடும்பம் செப்டெம்பரில் வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடியது. அங்கே வருமானம் இல்லை. சில மாதங்களுக்குள்ளேயே தாய் ஒரு முடிவெடுத்தார். மகனை ஔக்ஸ்பேர்க்கில் இருக்கும் உறவினரிடம் அனுப்பிவிட்டார். போர் நடந்துகொண்டிருந்த ஐரோப்பாவின் ஊடாக, ரயில்கள் ஒழுங்காக ஓடாத நாட்களில், அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தான்.

பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று எங்கோ இருக்கும் உறவினரிடம் அனுப்பிவைத்த தாய்மாரை நமக்குத் தெரியும். ஓமந்தைக்கு அப்பால், மன்னார்க் கடலுக்கு அப்பால், ஐரோப்பாவுக்கு என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். டீசலின் வாழ்க்கையில் இந்த இடத்தை வாசித்தபோது, அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

ஔக்ஸ்பேர்க்கில் அவரைப் பொறுப்பேற்ற கிறிஸ்தோஃப் பார்னிக்கல், தொழிற்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தவர். அந்த வீட்டில் டீசலுக்குச் சாப்பாட்டோடு கணிதமும் கிடைத்தது. பதினான்கு வயதிலேயே பொறியியலாளனாக வருவது என்று முடிவு செய்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பெற்றோர் அவர் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதையே விரும்பினார்கள். ஆனால் புலமைப்பரிசில் கிடைத்ததால் 1875 இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதிப் பரீட்சை நேரத்தில் தைபோயிட் காய்ச்சல் வந்து ஒரு தவணையைத் தவறவிட்டார். சுவிற்சர்லாந்தில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகிவிட்டு, 1880 ஜனவரியில் திரும்பி வந்து மிக உயர்ந்த சித்தியோடு வெளியேறினார்.

சைக்கிள் பம்பில் இருக்கும் சூடு

மியூனிக்கில் அவருக்குப் படிப்பித்தவர்களில் ஒருவர் கார்ல் ஃபொன் லின்டே. குளிரூட்டும் இயந்திரத்துக்குப் பெயர் பெற்றவர். வகுப்பில் அவர் விளங்கப்படுத்திய ஒரு கணக்கு டீசலின் மனதில் தங்கிவிட்டது. அன்றைய நீராவி எஞ்சின்கள், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. மிச்சம் எல்லாம் புகைக்கூண்டு வழியே வீணாய்ப் போனது. இந்த விரயத்தைக் குறைக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் கண்டடைந்த வழி சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் விளங்கும். வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சூடாகும். காற்றைச் சின்ன இடத்துக்குள் நெருக்கும்போது அதன் வெப்பநிலை ஏறுகிறது. இன்னும் பலமாக, இன்னும் வேகமாக நெருக்கினால்? உள்ளே விழும் எண்ணெய், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்று கொதிக்கும். பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே போகின்றன. பிளக் பொறி வைக்கிறது. டீசலின் எஞ்சினில் காற்று மட்டும் உள்ளே போகிறது. பிஸ்டன் அதை நெருக்குகிறது. சரியான கணத்தில் எரிபொருளைப் பீச்சினால் அது தானாக எரிகிறது.

கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் சரியான கணம் எது, எவ்வளவு பீச்சுவது, அவ்வளவு அமுக்கத்துக்கு எதிராக அதை உள்ளே தள்ளுவது எப்படி? இந்த மூன்று கேள்விகளும் அவரது வாழ்க்கையின் நல்ல வருடங்களை விழுங்கின.

படிப்பு முடிந்து பத்து வருடங்கள் அவர் லின்டேயின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1883 இல் மார்த்தா ஃப்ளாஷேயைத் திருமணம் செய்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 1890 இல் பேர்லினுக்கு மாறினார். 1892 இல் தன் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1893 பெப்ரவரியில் அது கிடைத்தது. ஔக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. அகதிப் பிள்ளையாக வந்து இறங்கிய அதே நகரத்தில் தன் எஞ்சினைக் கட்டத் தொடங்கினார்.

எண்பது மடங்கு அமுக்கம்

காகிதத்தில் அவர் போட்டிருந்த கணக்கின்படி காற்றை வளிமண்டலத்தைப்போல் 250 மடங்குவரை நெருக்க வேண்டும். அன்றைய இரும்பும் அடைப்பு வளையங்களும் அதைத் தாங்கா என்பது விரைவில் தெரிந்தது. அமுக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தார். 1893 ஓகஸ்ட் 10 அன்று முதற் பரிசோதனை. எஞ்சினைப் பட்டி ஒன்றால் சுழற்றி உள்ளே எரிபொருளை விட்டார்கள். அது பற்றியது. அமுக்கம் சுமார் 80 மடங்குக்கு எகிறி, அளவு கருவி வெடித்துத் துண்டுகளாய்ப் பறந்தது. அருகில் நின்ற டீசல் உயிர்தப்பினார். எஞ்சின் தன் பலத்தில் ஓடவில்லை. ஆனால் நெருக்கிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கும் என்பது அன்று நிரூபணமானது.

1894 பெப்ரவரி 17 அன்று எஞ்சின் முதற்தடவையாகத் தானாக ஓடியது. ஒரு நிமிடம், 88 சுற்றுகள். பிறகு மூன்று வருடங்கள் திருத்தமும் மாற்றமும். 1897 பெப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து உத்தியோகபூர்வமாக அளந்தபோது, அந்த எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அது இரண்டு மூன்று மடங்கு.

இடையில் அவர் அதிகம் போராடியது எரிபொருளை உள்ளே தள்ளும் விடயத்தோடுதான். ஒரு சிறு துளையின் ஊடாக எண்ணெய் பாய வேண்டுமென்றால், துளைக்கு இந்தப் பக்க அமுக்கம் அந்தப் பக்க அமுக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பாயும் அளவு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வித்தியாசத்தை நான்கு மடங்காக்கினால் ஓட்டம் இரண்டு மடங்காகும். சிலிண்டருக்குள் இருந்ததோ முப்பது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம். அதை வென்று எண்ணெயைப் பனிபோலத் தூவக்கூடிய பம்ப் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. எனவே அதைவிட அதிகமாக நெருக்கிய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதி உள்ளே அனுப்பினார். அது வேலை செய்தது. ஆனால் அதற்குப் பெரிய காற்றுக் கம்பிரசர் ஒன்று எஞ்சினோடு கூடவே ஓட வேண்டியிருந்தது. கப்பலிலும் தொழிற்சாலையிலும் அதற்கு இடம் இருந்தது. லொறியில் இடம் இருக்கவில்லை. டீசல் எஞ்சின் தெருவுக்கு வந்தது அவர் இறந்து பத்து வருடங்களுக்குப் பிறகுதான். போஷ் நிறுவனம் 1927 இல் எண்ணெயை நேரடியாகப் பீச்சும் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியதும் அது பரவியது.

காற்று குறைந்தால்

இந்த இடத்தில் டீசலின் கதையைச் சற்று நிறுத்தி, கராஜ் மடிகணினியில் கண்ட அந்த இலக்கத்துக்கு வருகிறேன். அவர் தொடங்கிய கணக்கின் இன்றைய வடிவம்தான் அது.

கடல் மட்டத்தில் காற்றமுக்கம் சுமார் 101 கிலோபாஸ்கல். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ திரையில் ஏறக்குறைய அதுதான் தெரியும். மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குப் போகும் லொறி ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே அமுக்கம் 81 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அதாவது எஞ்சின் ஒவ்வொரு தடவை மூச்செடுக்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு அமுக்கம் குறைவு. மலையின் குளிர்காற்று சற்று அடர்த்தியானது என்பதால் அந்த இழப்பில் ஒரு சிறு பகுதி ஈடாகும். எப்படியானாலும் எரிவதற்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு.

யாழ்ப்பாணத்தில் பீச்சும் அதே அளவு டீசலை அங்கேயும் பீச்சினால் முழுவதும் எரியாது. மிச்சம் கரும்புகையாக வெளியே போகும். அது புகை மட்டுமல்ல, நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல். எனவே எஞ்சின் கணினி காற்றமுக்கத்தைப் பார்த்து, இவ்வளவுக்கு மேல் பீச்சக்கூடாது என்று ஓர் எல்லையைக் குறைத்துக்கொள்கிறது. அமுக்கத்தை உணர்வது ஒரு மெல்லிய சிலிக்கன் தகடு. அமுக்கத்துக்கேற்ப அது வளையும். வளைவு மின்னழுத்தமாகி, கணினிக்குள் ஓர் இலக்கமாகிறது.

இரண்டாவது விடயம் நேரம். காற்று ஐதாக இருந்தால், நெருக்கிய பிறகும் சிலிண்டருக்குள் அமுக்கம் வழமையைவிடக் குறைவு. பீச்சிய எண்ணெய் பற்றிக்கொள்ளச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் பலம் வீண். எனவே மென்பொருள் பீச்சும் கணத்தைச் சிறிது முற்படுத்துகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில், சுழல் தண்டு ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. மென்பொருள் திருத்துவது அப்படியான சில பாகைகளைத்தான். அதையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் செக்கனுக்கு 25 தடவை செய்ய வேண்டும்.

மூன்றாவது டர்போ. ஐதான காற்றை உறிஞ்சி அதே அமுக்கத்துக்குக் கொண்டுவர டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். எல்லை தாண்டினால் அது உடையும். எனவே மலையில் டர்போவிடம் கேட்கும் அமுக்கத்தையும் மென்பொருள் குறைக்கிறது.

பெற்றோல் எஞ்சினில் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்னர், காற்றுக் குழாய்க்குள் இருப்பது வெளியே உள்ள அதே அமுக்கம். பல வாகனங்களில் கணினி அந்தக் கணத்தில் அதை வாசித்து வைத்துக்கொள்ளும். பிறகு இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கை அதைக் கொண்டு திருத்தும். பற்றரியின் வலு குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதிக்கும். அதற்கும் ஒரு திருத்தம் சேர்க்கப்படும். இந்த எல்லாத் திருத்தங்களும் அட்டவணைகளாகக் கணினிக்குள் இருக்கின்றன. டியூனிங் மென்பொருள் என்பது அந்த அட்டவணைகளைத் திறந்து பார்க்கவும் இலக்கங்களை மாற்றவும் உதவும் சாவி. வாகனம் பாய வேண்டும் என்பதற்காகப் புகை எல்லையைத் தூக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லை போட்டவர்கள் எந்தக் காற்றை நினைத்துப் போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கைவைப்பது நல்லது.

கணினி வருவதற்கு முன்னர் இந்த வேலையைச் சில எஞ்சின்களில் ஒரு சிறிய உலோகப் பெட்டி செய்தது. உள்ளே காற்று அகற்றப்பட்டு மூடப்பட்ட அந்தப் பெட்டி, வெளியமுக்கம் குறைந்தால் உப்பும், கூடினால் சுருங்கும். அந்த அசைவு பீச்சும் பம்பின் கோலை நகர்த்தும். பெட்டியும் இல்லாத இடத்தில் மனிதரின் காதுதான் செய்தது.

அந்தக் காதுகள் நம்மிடம் இருந்தன. 1990 இன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் டீசலும் தடை. மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கினார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எங்கள் ஊர் தட்டை நிலம், காற்று மாறவில்லை. எரிபொருள்தான் மாறியது. அதற்கேற்பக் காற்றையும் எண்ணெயையும் காபரேற்றரின் திருகாணியால் சரிசெய்தவர்கள் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுத்தான் செய்தார்கள். மண்ணெண்ணெயும் கிடைக்காதபோது ஜாம் போத்தலில் ஒரு விரற்கடை எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த பிள்ளைகளுக்கு, ஒரு துளி எரிபொருளின் பெறுமதியை எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உயரமும் சரிவும்

டீசலின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1897 இன் அளவீட்டுக்குப் பின்னர் பணமும் புகழும் ஒன்றாக வந்தன. அமெரிக்க மதுபானத் தொழிலதிபர் அடோல்ஃபஸ் புஷ், எஞ்சினின் அமெரிக்க உரிமையைப் பத்து இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1900 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு மிக உயர்ந்த விருது கிடைத்தது. முப்பது வருடங்களுக்கு முன்னர் தன்னை வெளியேற்றிய நகரம் அது. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு சிறிய டீசல் எஞ்சின் கச்சான் எண்ணெயில் ஓடியது. பெரும்பாலான பார்வையாளர்கள் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. நிலத்தில் விளையும் எண்ணெயால் எஞ்சின் ஓடும் காலம் வரலாம் என்ற நம்பிக்கை டீசலுக்குக் கடைசிவரை இருந்தது.

அவருக்கு இன்னொரு கனவும் இருந்தது. நீராவி எஞ்சின் பெரிய முதலாளிகளுக்கே கட்டுப்படியானது. சிறிய, சிக்கனமான எஞ்சின் கிடைத்தால் தன் தந்தையைப்போன்ற கைத்தொழிலாளர்கள் தங்கள் பட்டறையிலேயே தலைநிமிர்ந்து வாழலாம் என்று நினைத்தார். தொழிலாளர்கள் கூட்டாக முதலிட்டுக் கூட்டாக வாழ்வது பற்றி 1903 இல் சொலிடாரிஸ்முஸ் என்ற புத்தகமும் எழுதினார். அதை வாங்கியவர்கள் மிகச் சிலர்.

உடல்நலம் கெட்டது. 1898 இலேயே நரம்புத் தளர்ச்சியால் சிகிச்சை நிலையத்தில் தங்க வேண்டியிருந்தது. காப்புரிமையை எதிர்த்து வழக்குகள் வந்தன. மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார். காணியிலும் முதலீடுகளிலும் போட்ட பணம் கரைந்தது. காப்புரிமைக் காலமும் முடிந்தது. 1912 இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கப்பல், புகைக்கூண்டு இல்லாமல் டீசல் எஞ்சின்களோடு பாங்கொக் வரை பயணம் செய்து உலகை வியக்கவைத்தது. அவரது பெயர் கடல்களைக் கடந்துகொண்டிருந்த நாட்களில் அவரது கையில் பணம் இருக்கவில்லை. குடும்பத்துக்குக்கூட நிலைமை முழுதாகத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைத்தொழிலாளிக்காகக் கனவு கண்ட எஞ்சினை நீர்மூழ்கிகளுக்குள் முதலில் வைத்தவர்கள் கடற்படையினர். அவர் மறைந்த மறுவருடம் வெடித்த உலகப் போரில், அந்த நீர்மூழ்கிகள் கடலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தன.

கப்பலிலிருந்து காணாமற்போனவர்

1913 செப்டெம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற பயணிகள் கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்துக்குப் போகும் கப்பல். லண்டனில் ஒரு கூட்டம் இருந்தது. கூடவந்த இருவரோடு இராச்சாப்பாடு சாப்பிட்டார். பத்து மணியளவில், காலை ஆறேகாலுக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. கட்டிலில் படுத்த அடையாளம் இல்லை. இரவு உடுப்பு எடுத்துவைத்தபடியே கிடந்தது. மேற்தளத்தில் கம்பி வேலிக்குக் கீழே அவரது தொப்பியும் மேற்சட்டையும் ஒழுங்காக இருந்தன.

பத்து நாட்களுக்குப் பின்னர் ஒரு டச்சுப் படகு, கடலில் மிதந்த சிதைந்த உடல் ஒன்றைக் கண்டது. படகினர் உடலில் இருந்த பொருட்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு மாத்திரைப் பெட்டி, ஒரு பணப்பை, ஓர் அடையாள அட்டை, ஒரு சின்னக் கத்தி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒக்டோபர் 13 அன்று அவரது மகன் அவற்றைப் பார்த்து, தந்தையுடையவை என்று அடையாளம் காட்டினார்.

கடன் தாங்காமல் தானே கடலில் பாய்ந்தார் என்பது ஒரு கருத்து. அவரது நாட்குறிப்பில் அன்றைய திகதிக்கு நேரே ஒரு சிலுவைக்குறி இருந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இங்கிலாந்தோடு அவர் தொழில் செய்வதை விரும்பாத யாரோ தள்ளிவிட்டார்கள் என்பது இன்னொரு கருத்து. நூறு வருடங்களுக்கு மேலாகியும் எதுவும் நிரூபணமாகவில்லை.

பொருட்களைப் பார்த்து ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அந்த மேசையின் முன் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். செம்மணியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் 2025 ஓகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடுகிறவர்கள் அங்கே வந்து நின்றார்கள். டீசலின் மகனுக்கு ஒரு கண்ணாடிக் கூடாவது கைக்கு வந்தது. அடையாளம் காட்ட எதுவும் கிடைக்காமல் வருடக்கணக்கில் தெருவோரத்தில் இருப்பவர்களோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். அவ்வளவு வசதியும் பெயரும் உள்ள குடும்பத்துக்கும், என்ன நடந்தது என்று தெரியாமல் வாழ்வது இலகுவாக இருக்கவில்லை. இளைய மகன் ஒய்கன் எழுத்தாளரானார். இருபத்துநான்கு வருடங்கள் கழித்து, 1937 இல், தந்தையின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார்.

டீசலுக்குக் கல்லறை இல்லை. ஔக்ஸ்பேர்க் நகரத்தின் விற்றெல்ஸ்பாகர் பூங்காவில் அவர் நினைவாகக் கற்கள் வைத்த ஒரு சிறிய தோட்டம் மட்டும் இருக்கிறது. 1957 இல் அதை அமைத்துக் கொடுத்தவர் ஜேர்மன்காரர் அல்ல. மகோகிச்சி யமவோக்கா என்ற ஜப்பானியர். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வயலில் வேலை செய்கிறவர்களின் உடற்சுமையைக் குறைக்க வேண்டும் என்று சிறிய டீசல் எஞ்சின் செய்ய முயன்று, 1933 இல் அதில் வென்றவர். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் யன்மார். எங்கள் வயல்களிலும் படகுகளிலும் அந்தப் பெயர் பொறித்த எஞ்சின்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.